பாதி மருந்து

டாக்டர் கமர் ஜஹான் கட்டுரையின் கடைசித் தாளை உருவி நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். முடிவுரை அதில்தான் இருக்கும். அட்டவணைகளைப் பார்த்துத் தானாக ஒரு முடிவுக்கு வந்த பிறகே எழுந்து அதை எடுப்பார். பல வருஷப் பழக்கம்.

சென்னையில் ஒரு மருத்துவ இதழ், அச்சேற்றும் முன் கட்டுரைகளைக் கள்ளக்குறிச்சிக்குத் தபாலில் அனுப்பி இவரிடம் கருத்துக் கேட்கும். எழுதியவர் பெயரை மறைத்திருப்பார்கள். படித்துப் பார்த்தது யார் என்று எழுதியவருக்கும் சொல்ல மாட்டார்கள். சம்பளமும் கிடையாது. "இன்னாத்துக்குங்க இவ்ளோ மெனக்கெடுறீங்க?" என்பார் கம்பவுண்டர் நாராயணசாமி. "தன் முதுகு தனக்குத் தெரியாதுங்க. யாராவது பாத்துச் சொல்லணும்ல?" என்பார் டாக்டர், கொஞ்சம் பெருமையாகவே.

இந்த முறை வந்த கட்டுரை அவருக்கு இனித்தது. மலையிலிருந்து வரும் பாம்புக்கடிக்காரர்களுக்கு விஷமுறிவு மருந்து பாதி அளவே போதும் என்றது. முன்பு அதையே எழுதிப் பேர் வாங்கியவர் இவர்தான். ‘அச்சிடலாம்’ என்று எழுதி உறையில் போட்டும் விட்டார். ஆனால் இட ஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். தபால் போகவில்லை.

பஸ்ஸும் ஜீப்பும் ஓடாத அந்த வாரத்தில், வெள்ளிமலையிலிருந்து பாம்பு கடித்த ஒருவரைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். பாதி மருந்திலேயே எழுந்து உட்கார்ந்தார். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாம்மா, மலைக்காரங்க ஒடம்பே ஒடம்பு!" என்றார் கடிபட்டவரின் மனைவி செவ்வந்தியிடம்.

"மொதக் கடி என் கொழுந்தனுக்குங்க. இவரு பாம்பத் தட்டிவுடப் போனாரு, பல்லு லேசா கீறிக்கினு போச்சு. கொழுந்தன் பாதி வழியிலயே முடிஞ்சிட்டாருங்க. அப்புறம் இன்னாத்துக்கு இங்க தூக்கியாறது? வூட்டுக்கே எடுத்துக்கினு போய்ட்டாங்க" என்றார் செவ்வந்தி.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டுமே டாக்டர் இத்தனை காலமும் எண்ணியிருக்கிறார். விஷம் அதிகம் ஏறியவர்கள் மலையிலேயே நின்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்கள் கொஞ்சமாக ஏறியவர்கள். அவர்களுக்குப் பாதி மருந்து போதாமல் என்ன? இதை நம்பி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே கடிபட்டு ஓடி வருகிறவனுக்கும் யாராவது பாதியோடு நிறுத்தினால்? கட்டுரையைத் தள்ளினால் தன் பழைய கட்டுரையும் சேர்ந்து விழும். தள்ளாவிட்டால் கேட்க ஆளில்லை.

உறையைக் கிழித்தார். ‘மலையிலேயே இறந்தவர்கள் எத்தனை பேர்? அதை எண்ணாமல் அச்சிடக் கூடாது. மூன்றாவது மேற்கோளிலும் இதே தவறு இருக்கிறது’ என்று எழுதினார். மூன்றாவது மேற்கோள் அவருடைய அந்தப் பழைய கட்டுரைதான்.

மரங்களை அகற்றித் தபால் வண்டி கிளம்பிய அன்று, நாராயணசாமி புது உறையை ஒட்டப் போனார். "இருங்க" என்று வாங்கிய டாக்டர் தாளை வெளியே எடுத்து, கருத்துச் சொல்பவர் பெயரே போடக் கூடாத அந்தத் தாளின் அடியில், கமர் ஜஹான் என்று எழுதினார்.