எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு ஓர் உறை

காலை எட்டரைக்கெல்லாம் ராஜாம்பாள் மேஜைகளுக்கு அடியில் மாப்பு போட ஆரம்பித்துவிடுவாள். நாற்பத்திரண்டு மேஜைகள். ஒன்பது மணிக்கு மேல் கால்களோடு மல்லுக்கட்ட வேண்டும். வந்தவர்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு காலையும் தூக்கிக்கொள்வார்கள், மாப்பு போனதும் இறக்கிக்கொள்வார்கள். பதினோரு வருஷத்தில் பாதிப் பேரை முகத்தைவிடச் செருப்பை வைத்துத்தான் அவளுக்கு அடையாளம் தெரியும். பதினேழாம் மேஜை ஹேமலதா மட்டும் எழுந்து தள்ளி நிற்பாள்.

கடலூர் ரோட்டில், மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. எங்கெங்கோ இருக்கிற ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் தாள்களைச் சரிபார்க்கிற கம்பெனி. ராஜாம்பாள் கம்பெனி ஆள் கிடையாது, ஏஜென்சி அனுப்பியவள். வீடு முதலியார்பேட்டை, நடந்தே வந்துவிடுவாள். வீட்டுக்காரர் மில் மூடியதும் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். ஆறு வருஷத்துக்கு முன்பு போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் செந்தமிழ்ச்செல்வி திருப்பூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்."

"மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

"சரி, வெச்சிடறேன்."

மற்ற ஆறு நாளைக்கு ஹேமலதா இருந்தாள். சாப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்துபோன பிறகு வந்து எதிரில் உட்கார்ந்து, கேட்காமலே டப்பாவைத் திறப்பாள்.

"இன்னாக்கா இன்னைக்கு?"

"கத்திரிக்கா காரக்கொழம்பு."

"எங்கம்மா வெக்கறது கொழம்பில்லக்கா, கஷாயம். இப்படித் தள்ளுங்க."

அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்து போகிற மாப்பிள்ளைகளின் கதை ஒன்றுவிடாமல் ராஜாம்பாளுக்குத் தெரியும். "நேத்து வந்தவன் பஜ்ஜிய மட்டுந்தான்க்கா நிமிந்து பாத்தான்" என்றபோது ராஜாம்பாளுக்குப் புரையேறிவிட்டது. அந்தச் சாப்பாட்டு நேரம் இருபது நிமிஷம் இருக்கும். ஒரு நாளில் அவள் பேசுகிற பேச்சு அநேகமாக அவ்வளவுதான்.

மேஜைக்கடியில் கிடக்கிற வயர்கள்தான் அவளுக்கு எதிரி. தூசியும் தலைமுடியும் சேர்ந்து சடை போட்டுக் கிடக்கும். ஒருமுறை மாப்பு சிக்கி, இழுத்த இழுப்பில் ஒருத்தனின் கம்ப்யூட்டர் அணைந்துபோனது. "கண்ணு தெரியல?" என்று அவன் கத்தினான். அதற்குப் பிறகு பாவாடை நாடாவால் வயர்களைக் கட்டிவைக்க ஆரம்பித்தாள். தொங்கலாக விட்டால் சுத்தமாக இருக்காதென்று இறுக்கியே கட்டினாள்.

அதைப் பார்த்துத்தான் ஹேமலதா கேட்டாள். "அக்கா, இந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ பாக்கவே சகிக்கல. வீட்ல மிக்ஸிக்கு உறை தெச்சிருக்கேன்னு சொன்னீங்களே, அதேமாதிரி இதுக்கும் ஒண்ணு தெச்சிக் குடுங்களேன்."

மிக்ஸிக்கு மட்டுமா? ராஜாம்பாள் வீட்டில் கிரைண்டருக்கு, டிவிக்கு, கேஸ் சிலிண்டருக்குக்கூட உறை உண்டு. பெரிய மார்க்கெட் பக்கம் போய் எலாஸ்டிக் வாங்கிவந்தாள். நீலத்தில் வெள்ளைப்பூ போட்ட பழைய நைலக்ஸ் புடவை ஒன்று இருந்தது. அதில் பை மாதிரி தைத்து, பாக்ஸ், அதில் சொருகிய அடாப்டர்கள், மிச்ச வயரைச் சுருட்டிய சுருள், எல்லாவற்றையும் உள்ளே போட்டு வாயை மூடினாள். ஹேமலதா அதைப் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டாள்.

ஒரு வாரத்தில் பதினோரு மேஜைக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். "ராஜாம்மாக்கா, எனக்குப் பச்ச", "எனக்குக் கட்டம் போட்டது இருந்தா பாருங்க." தினம் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். கண் எரிந்தது. அந்த வாரம் பூராவும் அந்த மாடியில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் கருகல் நாற்றம் வந்தது. சிஸ்டம் பார்க்கிற கோபிநாத் ஓடிப்போய் மெயினை அணைத்தார். ஒன்பதாம் மேஜைக்கடியில் உறை உருகி, பிசின் மாதிரி அடாப்டரோடு ஒட்டிக்கிடந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் மாடி முழுக்க அரைநாள் வேலை போயிற்று.

மேனேஜர் இராமதாஸ் கருகிய துணியைப் பேனா நுனியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"யாரு சொல்லிம்மா இத செஞ்சீங்க?"

ராஜாம்பாள் பதினேழாம் மேஜையைப் பார்த்தாள். ஹேமலதா குனிந்து போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"நானாத்தான் சார்."

"ஸ்டாஃப் யாராவது கேட்டு செஞ்சிருந்தா அது வேற. அப்படின்னா சனிக்கிழமைக்குள்ள அவங்க எங்கிட்ட வந்து சொல்லட்டும். இல்லன்னா ஏஜென்சில வேற ஆள் கேட்டுக்கறேன்."

அன்று சாயங்காலமே ஏஜென்சி சூப்பர்வைசர் போன் செய்துவிட்டார். சனிக்கிழமைக்குள் யாரும் சொல்லாவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து கதிர்காமம் ஆஸ்பத்திரி. "சம்பளம் அதேதாம்மா. உனக்கென்ன நஷ்டம்?"

ஹேமலதா பேரை ராஜாம்பாளே மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அது கோள் சொன்னதாகிவிடும். மற்றவர்கள் பார்த்துக் கேட்டவர்கள், முதலில் தைக்கச் சொன்ன அந்தப் பெண்ணே போய்ச் சொன்னால்தான் சரி. சொல்லுவாள். சின்னப்பெண், பயந்திருப்பாள், நாளைக்குச் சொல்லுவாள்.

புதன்கிழமை கோபிநாத்தும் அவளும் உறைகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். அவளுடைய கட்டுகளைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எம்மா, வயரா இது, பொணமா? இப்படியா கட்டுவ? கழுத்து ஒடிஞ்சி உள்ள கம்பி அறுந்துரும். கட்டுக்குள்ள ஒரு வெரல் போவணும்."

"சரிங்க தம்பி."

"அடாப்டர் சுடும், காத்து படணும். மிக்ஸி அஞ்சி நிமிஷம் ஓடும், மூடி வெக்கலாம். இது நாள் பூரா ஓடுதுல்ல? பாக்ஸத் தரைல போடாத, மேசைக்கடில பலகையோட ஸ்க்ரூ போட்டு முடுக்கிரு. ஒரு பாக்ஸ்ல இன்னொரு பாக்ஸ சொருகாத."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல தம்பி?"

"நீ எப்ப கேட்ட? நானும் குரூப்ல பாத்தேன். கலர் கலரா நல்லாத்தான் இருந்திச்சி."

மூன்று நாளில் மேஜை மேஜையாக மாற்றினார்கள். அவர் பாக்ஸை முடுக்கினார். அவள் பிளாஸ்டிக் டேக் போட்டு வயர்களைக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தாள்.

மத்தியானங்களில் ஹேமலதா மற்றவர்களோடு ஒரு மணிக்கே சாப்பிட்டு முடித்தாள். ராஜாம்பாள் சாப்பாட்டு அறைக்குப் போகும்போது அவள் கைகழுவிக்கொண்டிருப்பாள், அல்லது போயிருப்பாள். வியாழனும் வெள்ளியும் ராஜாம்பாள் இரண்டு பேருக்குக் குழம்பு கொண்டுவந்து, ஒரு பங்கைத் திரும்ப எடுத்துப்போய் ராத்திரிச் சோற்றுக்கு ஊற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். பதினேழாம் மேஜை மட்டும் பாக்கி. அதைக் கடைசியாக வைத்திருந்தாள். உறையிலிருந்து பாக்ஸை மட்டும் எடுத்துக் கோபிநாத் காலையிலேயே முடுக்கிவிட்டிருந்தார், வயர்ச் சுருள் உறைக்குள்ளேயே இருந்தது. கண்ணாடி அறையில் இராமதாஸ் மூன்று மணிக்குக் கிளம்புவதற்காகப் பையை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார்.

"பாப்பா, ரெண்டு நிமிஷம். எல்லாத்தையும் பிடுங்கிட்டு மறுபடி சொருகணும்."

ஹேமலதா தலையை ஆட்டிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ராஜாம்பாள் மேஜைக்கடியில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மானிட்டர் வயர், போன் சார்ஜர், விசிறி வயர் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மேலே திரை இருண்டது. நீலப்பூ உறையைக் கழற்றி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வயர்களைப் பிரித்து, தளர்வாக வளைத்து, டேக் போட்டு விரலை விட்டுப் பார்த்தாள். போயிற்று.

பழுப்பு நிறச் செருப்பு முகத்துக்கு நேரே இருந்தது. புதுசு. இதை எப்போது வாங்கினாள் என்று சொல்லவில்லையே.

"பாப்பா" என்றாள் அடியிலிருந்தே. "மேனேஜர் இன்னும் கௌம்பல. நீ கேட்டுத்தான் தெச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டின்னா நான் இங்கியே இருந்துக்குவேன். உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சொல்றியாம்மா?"

செருப்புகள் இரண்டும் தரையைவிட்டு மேலே எழும்பின. மாப்பு போவதற்குத் தூக்குகிற மாதிரி, அப்படியே நின்றன.

காதில் பாட்டு ஓடுகிறதாக்கும் என்று நினைத்தாள். அப்புறம்தான் பார்த்தாள். மேஜைக்குப் பின்னாலிருந்து தொங்கிய ஹெட்போன் வயரின் முனை தன் கையிலேயே இருந்தது. மற்ற வயர்களோடு அதையும் சேர்த்து முன்னமே பிடுங்கியிருந்தாள்.

பிறகு மற்றவற்றைச் சொருகிவிட்டு, கடைசியில் அதையும் அதன் ஓட்டையில் சொருகி, வயர் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். திரை விழித்துக்கொண்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாளியையும் மாப்பையும் எடுத்துக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளி வெளியே போனாள்.