கை தட்டுற ஊர்ல கை தூக்கச் சொன்னவ

மழைன்னும் சொல்ல முடியாது, வெயில்னும் சொல்ல முடியாது. ஆகஸ்ட் மாசச் சாரல்... நனைஞ்ச பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து எந்திரிச்சா பேண்ட்டுக்குப் பின்னாடி ஒரு மேப் விழும். அன்னைக்கு சுதந்திர தினம் வேற. கிராம சபைக்கு வந்த எல்லார் பின்னாடியும் இந்தியா!

நான் அப்போ ப்ளஸ் ஒன். எங்க ஊரு குற்றாலத்துக்கும் புளியறைக்கும் நடுவுல.

அன்னைக்கு ஸ்பெஷல் கெஸ்ட் உண்டு. டெல்லி பார்லிமென்ட்ல இன்டர்ன்ஷிப்புக்கு வந்த உக்ரைன் காலேஜ் பிள்ளைங்க ரெண்டு பேரு. மேல்மட்டத்தப் பாத்தாச்சு, அடிமட்டத்தையும் பாக்கட்டும்னு எங்க ஊருக்கு அனுப்பிட்டாங்க. அருவி பக்கத்துல இருக்குல்லா... படிச்ச மாதிரியும் ஆச்சு, குளிச்ச மாதிரியும் ஆச்சு.

ஒருத்தி பேரு ஒலேனா. எல்லாத்தையும் கேள்வி கேக்குற டைப். இன்னொருத்தி பூரா நேரமும் கேமராவும் கையுமா இருந்தா. மொழிபெயர்ப்பாளர் நாந்தான். இங்கிலீஷ் நல்லா வரும்னு இல்ல... எனக்கு வாய் நிக்காது, அதான் தகுதி.

தகுதிய உடனே காட்டிட்டேன். சின்னப் பயலுவளக் கூப்பிடுற 'லே' இருக்கு பாருங்க, அதுதான் இங்க பெரிய மரியாதைன்னு ஒலேனாவுக்குச் சொல்லிக் குடுத்தேன். அவ ரெண்டு கையையும் கூப்பி, பஞ்சாயத்துத் தலைவர் அண்ணாச்சியப் பாத்து,

"வணக்கம்லே!"

கூட்டமே உருண்டு சிரிச்சிச்சு. அண்ணாச்சி என்னப் பாத்தாரு. "ஏலே... இது உன் வேலதான?"

அன்னைக்குக் கடைசியா நான் சிரிச்சது அப்பதான்.

கிளார்க்கு தீர்மானங்கள வாசிக்க ஆரம்பிச்சாரு. எங்க ஊர்ல அதுக்கு ஒரு முறை உண்டு. அவரு மூச்சு விடாம வாசிப்பாரு, முடிச்சதும் எல்லாரும் கை தட்டுவோம். தட்டுனா பாஸ். தெருவிளக்கு, தட்டு. ஓடை தூர் வாருறது, தட்டு. அடுத்து, குளத்தங்கரை கிரவுண்ட சீசனுக்கு வர்ற வண்டிங்களுக்குக் கார் பார்க்கிங்கா மாத்துறது...

அதுக்கும் தட்டிட்டாங்க.

எங்க அக்கா பேரு பேச்சியம்மா. பேருலதான் பேச்சு. போலீஸ் செலக்‌ஷனுக்காக விடியக்காலம் அந்தக் கிரவுண்டுலதான் ஓடுவா. அவளும், கூட ஓடுற பக்கத்துத் தெரு சுடலை அண்ணனும், இன்னும் ஏழெட்டுப் பயலுவளுமா ஓடை மணல அள்ளிட்டு வந்து கொட்டி, லாங் ஜம்ப்புக்குக் குழி போட்டு வச்சிருந்தாங்க. வேற இடம் கெடையாது எங்களுக்கு.

ஒலேனா என் காதுல கேட்டா, "எப்ப ஓட்டெடுப்பு?"

நான் சத்தமா தமிழ்ல கேட்டுட்டேன்.

"கை தட்டிட்டாங்கல்லா, அதான் ஓட்டு"ன்னாரு அண்ணாச்சி.

"தட்டுறத எப்படி எண்ணுவீங்க? கையத் தூக்கச் சொல்லுங்க. எதிர்ப்பு இருக்கான்னும் கேளுங்க. எங்க ஊர்ல அப்படித்தான்"னா ஒலேனா. அதையும் தமிழ்ல சொல்லிட்டேன்.

கேமரா ஓடிக்கிட்டிருக்கு. அண்ணாச்சியால மாட்டேன்னு சொல்ல முடியல. ஆதரவுன்னு கேட்டதும் கைங்க மேல போச்சு. சுடலை அண்ணன் கையும்.

"எதிர்ப்பு?"

ஒரு கை. எங்க அக்கா கை.

அம்மா அவ தாவணியப் புடிச்சு இழுத்தா. "ஏட்டி, கையக் கீழ போடு, எல்லாரும் பாக்காவ!"

அவ போடல. "நாங்க எங்கன ஓட?"ன்னு மட்டும் கேட்டா. கூட ஓடுற பயலுவ பூரா தரையப் பாத்துக்கிட்டிருந்தானுவ.

"தங்கச்சி சொன்னதையும் பரிசீலிப்போம்"னு அண்ணாச்சி சிரிச்சாரு. ஒலேனா ஓடி வந்து அக்காவக் கட்டிப்பிடிச்சா. கண்ணுல தண்ணி அவளுக்கு. "டெல்லியில பாத்ததவிட இதான் பெருசு"ன்னா. போட்டோ எடுத்தாங்க. சாயங்காலம் ஐந்தருவில குளிச்சிட்டு வண்டி ஏறிட்டாங்க.

அடுத்த வாரம் அம்மாவோட நூறு நாள் வேலைய ரொம்ப தூரத்துல இருக்குற ஊரு எல்லைக் குளத்துக்கு மாத்திட்டாங்க. யாரும் திட்டல, வையல. மாத்துனாங்க, அவ்வளவுதான்.

அடுத்த சீசனுக்குள்ள கிரவுண்டுல சரளைக் கல்லு. மணல் குழிய மூடியாச்சு. அக்கா புளியறை ரோட்டுல ஓடிப் பாத்தா. கேரளா லாரிங்க உரசிக்கிட்டுப் போகுது. அம்மா அழுது நிப்பாட்டிட்டா. செலக்‌ஷன்ல ஓட்டம் பாஸ், லாங் ஜம்ப்ல அவுட். தாண்டிப் பாக்க மண்ணு வேணும்லா...

சுடலை அண்ணன் வீட்டுல வசதி உண்டு. தென்காசியில கோச்சிங் போயி கான்ஸ்டபிள் ஆயிட்டான். சீசன்ல அதே கிரவுண்டு வாசல்ல நின்னு வண்டிக்குக் கை காட்டுதான். என்னப் பாத்தா அந்தக் கை மட்டும் பாக்கெட்டுக்குள்ள போயிரும்.

அக்கா இப்போ தென்காசியில ஒரு ஜவுளிக்கடையில நிக்கா. நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கணும். ஓட வேண்டியவ!

போன வாரம் ஒலேனா மெசேஜ் போட்டிருந்தா. சண்டை முடியாம அவங்க நாட்டுல எலெக்‌ஷன் கெடையாதாம், காத்துக்கிட்டிருக்காங்களாம். கிளாஸ்ல எங்க அக்கா கதையத்தான் சொன்னாளாம். "உங்க ஊர்ல இப்பவும் கையத் தூக்கித்தான் ஓட்டுப் போடுதாங்களா?"ன்னு கேட்டிருந்தா.

போடுதாங்க. இப்பல்லாம் தட்டுறதே கெடையாது, அண்ணாச்சிக்குக் கை தூக்குற முறை ரொம்பப் புடிச்சுப் போச்சு. முன்ன இஷ்டம் இல்லாதவன் தட்டாம சும்மா இருந்துக்கிடுவான், கூட்டத்துச் சத்தத்துல எவனுக்கும் தெரியாது. இப்போ ஆதரவுன்னு கேட்டுட்டு, எவன் தூக்கலன்னு வரிசை வரிசையாப் பாக்காரு. எதிர்ப்புன்னு கேக்குறதே இல்ல.

இந்த சுதந்திர தினத்துக்கு அக்காவுக்கு லீவு. வந்திருந்தா. பார்க்கிங்க இன்னும் அகலப்படுத்துறதுக்குத் தீர்மானம். அண்ணாச்சி கண்ணு எங்க வரிசைக்கு வந்துச்சு. அக்கா அம்மாவ ஒரு தடவ திரும்பிப் பாத்தா.

கையத் தூக்கிட்டா.

நானும்தான்.

ஒலேனாவுக்கு, "ஆமா, இப்போ எல்லாரும் தூக்குதோம், அக்காவும்தான்"னு பதில் போட்டேன். பொய் ஒண்ணும் இல்ல.

சந்தோஷத்துல ஏழெட்டு ஹார்ட் அனுப்பிருக்கா.