படுத்துக்கொண்டே செய்யலாம் என்றேன்

"சார், எங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதாம். கண்ணு இருட்டுதுன்றாரு. இன்னா பண்றது சார்?"

அப்போது நான் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு போதை மீட்பு மையத்தில் பிசியோதெரபிஸ்ட். போனில் பேசியவர் செல்வி. கணவர் முனுசாமிக்குத் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் லோடிங் வேலை. முதுகுவலிக்கென்று ஆரம்பித்த மாத்திரை, அது இல்லாமல் ஷிப்டுக்கே போக முடியாது என்கிற அளவுக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. அதை நிறுத்தி ஒன்பது நாள். நிறுத்தியதால் வந்த வாந்தியும் பேதியும் அடங்கி, முந்தின நாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"பெரியபாளையம் கோயில்ல சார். மாத்திரைய உட்டா அங்கப்பிரதட்சணம் பண்றேன்னு வேண்டிக்கினு இருந்தாரு. மூணு சுத்து. ரெண்டு முடிச்சிட்டாரு, அதுக்குள்ள..."

ஏற்கெனவே உடம்பில் நீர் வற்றிய மனிதர். கேட்டதில், விரதமென்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், வெயிலில் உருண்டிருக்கிறார்.

"சீட்டுல எழுதியிருந்தேனேம்மா! ஓடக் கூடாது, எடை தூக்கக் கூடாதுன்னு!" என்று கத்தியேவிட்டேன்.

"ஓடல சார், எதுவும் தூக்கல. படுத்துக்கினே செய்றது எல்லாம் செய்யலாம்னு நீங்கதான சார் சொன்னீங்கோ? உருளறது படுத்துக்கினுதான?"

கட்டிலில் படுத்துக் காலை மெல்ல மடக்கி நீட்டுவதைத்தான் நான் நினைத்துச் சொன்னேன். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லையே.

"நிழல்ல படுக்க வைங்க. யாரையாவது ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லுங்க. நினைவா இருக்காரா?"

"இருக்காரு சார்."

"அப்போ கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுங்க. போனை மட்டும் வெச்சிடாதீங்கம்மா."

ஆம்புலன்ஸ் வரும்வரை செல்வி அழுவதையும் கோயில் பம்பைச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டே நின்றேன். ஏதாவது ஆனால் அந்தக் கொலைப் பழி எனக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். நான் போனபோது முனுசாமி கண் திறந்து முதலில் சொன்னது, "இன்னும் ஒரு சுத்து பாக்கி சார். அம்மன் கோச்சிக்கப் போவுது" என்றுதான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

டாக்டரைக் கேட்டு, காலை வெயிலுக்கு முன் ஐந்து நிமிட நடை, கூடவே ஒரு ஆள், கையில் தண்ணீர், நெஞ்சு படபடத்தால் உடனே உட்கார வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் செல்வி மட்டும் வந்தார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"மூணாவது சுத்து நான் உருண்டுட்டேன் சார். இனிமே அவரு நடந்தா போதும்."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கூடாது என்று பட்டியல் போடுவதோடு நிறுத்தாதீர்கள். வீட்டுக்குப் போனதும் முதலில் எங்கே போவீர்கள் என்று நோயாளியிடம் கேளுங்கள். பாதிப் பேர் ஏதாவது ஒரு கோயில் பேரைத்தான் சொல்வார்கள்.