ரயில் நின்ற நாட்களில் ஒளிவரிகள்

எனக்கு ஓரிடத்தில் அமைதியாக உட்காரத் தெரியாது. மாதா கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதுகூட செருப்பில்லாத என் கால் விரல்கள் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். "உனக்குள்ள யாரு மோட்டார் வச்சது?" என்று அண்ணன் கேட்பார். அப்படிப்பட்டவளுக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் வாய்த்த ஆராய்ச்சியோ, எதுவும் அசையக் கூடாது என்பதிலேயே தொடங்கியது.

குரோம்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடம் அது. அங்கே ஒரு சிறிய லேசர் வந்து சேர்ந்திருந்தது. சிவப்புக் கோடுபோல ஒளியை நீட்டும் கண்ணாடிக் குழாய். அதை வைத்து ஹோலோகிராம் எடுக்க வேண்டும் என்பது எங்கள் சாரின் ஆசை. அவர்தான் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி.

ஹோலோகிராம் என்றால் இதுதான். லேசர் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒரு பாதி பொருளின் மேல் பட்டுச் சிதறி ஒரு போட்டோ கண்ணாடித் தகட்டுக்கு வருகிறது. மறுபாதி பொருளைத் தொடாமல் நேரே அதே தகட்டுக்கு வருகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில் வெளிச்சமும் இருட்டுமாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகள் விழுகின்றன. அந்த வரிகள் பதிந்துவிட்டால் போதும். பொருளை எடுத்துவிட்டுத் தகட்டின் மேல் லேசரைப் பாய்ச்சினால், அந்தப் பொருள் அங்கேயே இருப்பதுபோலத் தெரியும். தலையைச் சாய்த்தால் அதன் பக்கவாட்டையும் பார்க்கலாம்.

ஆனால் பதியும் அந்தச் சில விநாடிகளில் தகடோ பொருளோ ஒரு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு அசைந்தாலும் எல்லாம் அழிந்துவிடும். நாங்கள் ஒரு கருங்கல் பலகையைக் காற்றடைத்த ஸ்கூட்டர் டியூப்களின் மேல் ஏற்றி, அதன்மேல் எல்லாவற்றையும் பொருத்தியிருந்தோம். அசைவு இருக்கிறதா என்று பார்க்க, தகடு வைப்பதற்கு முன் அதே மேசையில் இரண்டு கண்ணாடிகளை வைத்து ஒளிவரிகளைப் பெரிதாக்கிச் சுவரில் விழவைப்போம். சிவப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக நிற்கும். நிற்க வேண்டும். ஒருநாளும் நின்றதில்லை. தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் நடுவே எலக்ட்ரிக் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்று கடந்ததும் சுவரில் வரிகள் குழம்பித் துடிக்கும். அவை அடங்குவதற்குள் எதிர்த்திசையில் அடுத்தது வந்துவிடும். இரவில் செய்யலாம் என்றால் தெற்கே போகும் எக்ஸ்பிரஸ்களும் கூட்ஸ் வண்டிகளும் உண்டு. அந்த நேரத்தில் ஒரு பெண்ணை அங்கே இருக்கவும் விடமாட்டார்கள்.

தகட்டைக் கழுவி வெளியே எடுத்தால் வெறும் சாம்பல் நிறம். "பரவாயில்லம்மா" என்பார் சார். இன்னும் சில தகடுகள்தான் பெட்டியில் இருந்தன என்பது இருவருக்கும் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. என் அண்ணன் அந்த எலக்ட்ரிக் வண்டிகளில் கார்டாக இருந்தார். தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவரோடும் அண்ணியோடும்தான் நான் இருந்தேன். டூட்டி முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு உன் லைட்டை எத்தனை தடவை ஆட்டினேன்?" என்று சிரிப்பார்.

எழுபத்துநாலு மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. அண்ணன் சங்கத்தில் முன்னால் நின்றவர். முதல் நாளே போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பேச்சு இருந்தது. அதற்கு முந்தின சாயங்காலமே காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, இரண்டு சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்க போறீங்கன்னாவது சொல்லிட்டுப் போங்க" என்றாள். "தெரியலைன்னா உன்னைக் கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வண்டி இல்லை. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தண்டவாளத்தின் ஓரமாகவே குரோம்பேட்டைக்கு நடந்தேன். சானடோரியம் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தில் ஆடுகள் படுத்திருந்தன. இடையிடையே நின்று, பின்னால் ஏதாவது வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எதுவும் வரவில்லை.

ஆய்வுக்கூடத்தில் சார் ஏற்கெனவே விளக்கை அணைத்திருந்தார். "இங்க வாம்மா. சத்தம் போடாம வா."

சுவரில் வரிகள் நின்றுகொண்டிருந்தன. அச்சடித்தாற்போல நின்றன. நான் வாயில் கையை வைத்துக்கொண்டு மேசைக்கு அருகே போனேன். உடனே வரிகள் ஒரு பக்கமாக ஊர ஆரம்பித்தன.

"என்ன சார், கூட்ஸ் ஏதாவது வருதா?"

"இல்ல. நீ வந்திருக்க" என்றார்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அத்தனை தூரம் நடந்து வந்த என் உடம்பின் சூடு காற்றைச் சூடாக்கியது, சூடான காற்றில் ஒளி செல்லும் வேகம் சற்று மாறியது, வரிகள் நகர்ந்தன. மே மாத வெயிலில் மின்விசிறியையும் போட முடியாது. நான் ஒரு மூலையில் போய் நின்றேன். அப்போதும், நான் காலை மாற்றி ஊன்றும்போதெல்லாம் சுவரில் அது தெரிந்தது. இத்தனை நாள் ரயிலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். ரயில் நின்றபிறகு, மிச்சமிருந்த நடுக்கம் நான்தான்.

இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். வாசலில் நின்றபடியே, "இன்னாம்மா, உங்க அண்ணன் எங்க கீறாரு? சொல்லிட்டா உங்களுக்கும் பேஜாரில்ல, எனக்கும் பேஜாரில்ல" என்றார். தெரியாது என்றேன். உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். அவர் போனதும் நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பினேன்.

"இன்னிக்குமா போற?" என்றாள் அண்ணி.

"போகணும் அண்ணி. வண்டி ஓட ஆரம்பிச்சுட்டா மறுபடி..."

"ஆமா, வண்டி ஓடலைன்னா உனக்கு நல்லதுதானே." அவள் குரலை உயர்த்தவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "இங்க எனக்கு ஒவ்வொரு நாளும் எப்ப முடியும்னு இருக்கு. உனக்கு முடியக் கூடாதுன்னு இருக்கு."

வெளியே வந்து வேகமாக நடந்தேன். அன்று முழுவதும் வரிகள் ஊர்ந்துகொண்டே இருந்தன. சார் தகட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

அண்ணன் அனகாபுத்தூரில் ஒரு நெசவாளி நண்பரின் வீட்டில் இருப்பதாக அந்த வாரம் தகவல் வந்தது. ஞாயிறு பூசைக்குப் போவதுபோலக் கிளம்பி, ஆற்றோரத்துச் சந்துகளில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். தறிகள் நடந்துகொண்டிருந்தன. தரை அதிர்ந்தது. அந்த அதிர்வில் ஒரு பெஞ்சில் அண்ணன் தாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி எப்படி இருக்கா?"

"சரியாச் சாப்பிடறதில்ல."

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "உன் லைட்டு?" என்றார்.

"நிக்குதுண்ணா. நான் கிட்டப் போனாத்தான் ஆடுது."

அவர் சிரித்த சிரிப்பில் நெசவாளி நண்பர் தறியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அப்போ எங்க ஸ்ட்ரைக்கால உருப்படியா ஒண்ணு நடக்குது. கிட்டப் போகாத. தூர நின்னு செய். போ, சீக்கிரம் முடி. இது ரொம்ப நாள் தாங்காது. ஆளுங்க ஒவ்வொருத்தரா வேலைக்குத் திரும்பறாங்க." கடைசி வாக்கியத்தை அவர் சிரிக்காமல் சொன்னார்.

தூர நின்று செய் என்றதை வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் சாரிடம் சொன்னேன். லேசரை மறைக்கும் கறுப்பு அட்டையை மேசையில் வைக்காமல், தனியே ஒரு ஸ்டாண்டில் தொங்கவிட்டோம். அதில் தையல் நூலைக் கட்டிக் கதவின் அடியிலுள்ள இடுக்கு வழியாக வராந்தாவுக்குக் கொண்டுவந்தோம்; இழுத்தால் அட்டை விலகி ஒளி பாயும், விட்டால் மறுபடி மறைக்கும். பொருளாக, எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் பீங்கான் ஆட்டுக்குட்டியை வைத்தேன். வெள்ளையாக இருந்தது, கெட்டியாக இருந்தது, வேறு காரணமில்லை. இருட்டில் தகட்டைப் பொருத்திவிட்டு இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டோம்.

காற்று அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். சார் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து நூலைப் பிடித்திருந்தேன். வேலைநிறுத்தம் முடிந்துவிடுமோ, அண்ணனைப் பிடித்திருப்பார்களோ, அண்ணி அழுகிறாளோ என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நான் எப்படித் தவித்தாலும் உள்ளே ஒன்றும் ஆகாது. அது ஒரு பெரிய விடுதலையாக இருந்தது.

"இழு" என்றார் சார். இழுத்தேன். ஒரு சின்ன ஜெபம் சொல்லும் நேரம் பிடித்திருந்துவிட்டு மெல்ல விட்டேன்.

தகட்டைக் கழுவி, காயவைத்து, லேசருக்கு முன்னால் வைத்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. ஆட்டுக்குட்டி தகட்டுக்குப் பின்னால், ஒன்றுமில்லாத இடத்தில், சிவப்பாக நின்றது. தலையைச் சாய்த்தேன். அதன் மறுபக்கக் காது தெரிந்தது. சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. அண்ணனை அன்று காலை அனகாபுத்தூரில் பிடித்துவிட்டார்கள், அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டு அக்கா சாவியைக் கொடுத்துச் சொன்னார். யாரிடமும் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்ல முடியாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

வேலைநிறுத்தம் முடிந்து அவரை விட்டார்கள். வேலை மட்டும் போயிருந்தது. அண்ணியும் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் குரோம்பேட்டையில் ஒரு சிறிய வாடகை வீட்டுக்கு வந்தோம். அண்ணன் ஒரு சைக்கிள் கடையில் கணக்குப் பார்த்தார். ஒருநாள் அவரே, "காட்டு, பாக்கலாம்" என்று ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

தகட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். விரல்களுக்கு நடுவே ஆட்டுக்குட்டி அப்படியே நின்றது. அப்போது வெளியே ஒரு வண்டி கடந்தது, ஜன்னல்கள் அதிர்ந்தன.

"இது ஆடலையே?"

"பதிஞ்சதுக்கு அப்புறம் ஆடாதுண்ணா."

அவர் கையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "லேட்டா போறான்" என்றார், வண்டியைப் பற்றி.

சில வருடங்கள் கழித்து அவரை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அன்று அண்ணி கேசரி செய்தாள், எனக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்தாள். ஆனால் அந்தத் தகட்டைப் பார்க்க அவள் ஒருநாளும் வரவில்லை; நானும் கூப்பிடவில்லை.