சீல் ஒட்டிய கணினியில் மூன்று மொழிகள்

அந்தச் சாப்பாட்டு இடைவேளையில் லேபிள் மேசையருகே இருந்தது நானும், அந்த மேசையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் மட்டுந்தான். சூப்பர்வைசர் கேன்டீனில் இருந்தார். கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள் எங்கள் கம்பெனியிலேயே கிடையாது, பழுதானால் கிண்டியிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவார்கள். யாருக்காக அந்த வேலையைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேனோ, குழாய்களைக் கழுவும் பிரிவின் ஒடிசாக்காரர், அவரும் அங்கே இல்லை. இவ்வளவு துல்லியமாக எழுத முடிகிறதென்றால், அதற்குப் பிறகு எத்தனையோ முறை இதை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்று அர்த்தம். நான் செய்ததைப் பார்த்தவர் இன்னும் ஒருவராவது இருந்திருக்கக் கூடாதா என்று தேடியிருக்கிறேன். ஒருவரும் இல்லை.

ஒரகடத்தில் கார்களுக்கு ரப்பர் குழாய் செய்யும் சின்னக் கம்பெனி அது. டிப்ளமா முடித்து ட்ரெய்னியாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பென்னலூரில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், எதுவானாலும் நேராக என்னிடம்தான் வரும். பாதி எனக்குப் புரியாது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தால் 'தெரியாது' என்று சொல்ல வாய் வராது. ஏதோ படித்துச் சொல்லிவிட்டு, அப்புறம் போனில் தேடிச் சரிபார்த்துக்கொள்வேன். அந்தப் பழக்கத்தை அப்படியே வேலைக்கும் கொண்டுபோயிருந்தேன்.

வியாழக்கிழமை வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருவதாக இருந்தது. லேபிள் தப்பாக வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆறு வரி அறிவுரை போர்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில். லைனில் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் நம்மூர்ப் பெண்கள், மீதிப் பேர் பீகார், ஒடிசா. ஆகவே தமிழ், ஹிந்தி, ஒடியா மூன்றிலும் வைக்க வேண்டும், யார் டைப் செய்வது என்று சூப்பர்வைசர் மீட்டிங்கில் கேட்டார். என் கை தானாக மேலே போயிற்று. மூன்றில் இரண்டு மொழியில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

ஆபீஸ் கணினிகள் பர்மனென்ட் ஆட்களுக்கு. ட்ரெய்னி தொடக்கூடியது லேபிள் மேசையில் இருந்த ஒன்றுதான். பச்சை மேடும் நீல வானமும் திரையில் தெரியுமே, அந்தக் காலத்து விண்டோஸ். லேபிள் அடிக்கும் மென்பொருள் அதில் மட்டுமே ஓடும் என்பதால் அதை மாற்றாமல் வைத்திருந்தார்கள். இன்டர்நெட் இணைப்பு கிடையாது. அதில் தமிழ் அடித்தால் கொம்பும் காலும் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். ஹிந்தியும் அப்படியே. ஒடியாவுக்கு வெறும் கட்டங்கள் வரிசையாக வந்தன.

இரண்டு நாள் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் தேடினேன். டைப் செய்யும் எடிட்டர் எதைப் பார்த்தாலும் 'பழைய கணினியில் ஓடாது' என்று போட்டிருந்தது. சிலது காசு கேட்டது. கடைசியில் ஒரு மூலையில், பல வருடமாக யாரும் தொடாததுபோல ஒரு பக்கம், அதில் இலவசமாக ஒரு சின்ன எடிட்டர். எழுத்துகளை அது தானே வரைந்துகொள்ளும், கணினியின் தயவு வேண்டாம் என்று எழுதியிருந்தது. பழைய விண்டோஸிலும் ஓடுமாம். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் அதை பென் டிரைவில் இறக்கிக்கொண்டேன். ஒடிசாக்காரர் ஹிந்தி, ஒடியா இரண்டு மொழியிலும் ஆறு வரியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதையும் சேர்த்துக்கொண்டேன். மூன்று தாளையும் அந்தக் கடையிலேயே அடித்து வாங்கியிருக்கலாம். பத்து நிமிட வேலை. இது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் யாராலும் தமிழ் அடிக்க முடியாத கணினியில் மூன்று மொழி அடித்துக் காட்ட வேண்டும், அதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்றிருந்தது எனக்கு.

அந்தக் கணினியின் பென் டிரைவ் துளை மேல் கம்பெனி முத்திரையோடு மஞ்சள் காகித சீல் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பக்கத்தில் தொங்கும் படிவத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அது அக்காவின் வேலை. திங்கட்கிழமை காலையும் போட்டிருந்தார்.

"அக்கா, ரெண்டே நிமிஷம். சீலை எடுத்துட்டு அப்படியே ஒட்டிடறேன்" என்றேன்.

சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்தவர் நின்றார். "அதத் தொடக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்களேப்பா."

"சார் குடுத்த வேலதான்க்கா. வியாழக்கிழமைக்கு வேணும்."

பையைக் கீழே வைத்தார். "சரி, நீ படிச்ச புள்ள. ஒனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு, யாராவது வருகிறார்களா என்று எனக்காக வழியைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

எடிட்டர் ஓடியது. ஒடியா எழுத்துகள் வட்டவட்டமாக, ஒன்றுகூடச் சிதறாமல் திரையில் வந்து நின்றபோது அக்கா குனிந்து பார்த்து, ஜிலேபி மாதிரி கீது என்றார். லேபிள் பிரிண்டருக்குப் பக்கத்தில் இருந்த சாதாரண பிரிண்டரிலேயே மூன்று தாளும் எடுத்தேன். சீலை நகத்தால் நீவி ஒட்டினேன். இரண்டரை மணிக்கு சூப்பர்வைசர் தாள்களைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, கலக்கிவிட்டாய் என்று தோளில் தட்டினார். ஒடிசாக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவர் சத்தமாகப் படித்தார். வாழ்க்கையில் அதற்கு முன் எனக்கு அப்படி ஒரு அரை மணி நேரம் வாய்த்ததில்லை.

மூன்று மணிக்கு லேபிள் நின்றது. திரையிலிருந்த ஃபோல்டர்கள் எல்லாம் வெறும் ஷார்ட்கட்டாக மாறிப்போயிருந்தன. லேபிள் மென்பொருளைத் திறந்தால் திறக்கவில்லை. லேபிள் ஒட்டாமல் ஒரு பெட்டியும் கேட்டைத் தாண்டாது. லாரி வெளியே நின்றது, டிரைவர் இறங்கி டீ குடித்தார், மறுபடி ஏறி உட்கார்ந்தார். கிண்டியிலிருந்து ஆள் வந்து சேர ஐந்தரை. பார்த்ததுமே, யாரோ பென் டிரைவ் போட்டிருக்கிறார்கள், வைரஸ் என்றார். எடிட்டரில் ஒன்றும் இல்லை. ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஒரு நாளைக்கு ஐம்பது பென் டிரைவ் போய்வரும். அதில் ஏதோ ஒன்று விட்டுப்போனது என்னுடையதில் ஏறி வந்திருக்கிறது.

சூப்பர்வைசர் சீலின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் காகிதம் சுருங்கியிருந்தது. படிவத்தை எடுத்து அக்காவின் கையெழுத்தைப் பார்த்தார். கையில் இன்னமும் என் மூன்று தாள்களை வைத்திருந்தார்.

"யார் கை வச்சது?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய். நான் நாலடி தள்ளி, லேபிள் ரோலை எடுத்து அடுக்குவதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

"தெரீலங்க சார்" என்றார் அக்கா.

மறுநாள் அக்கா வரவில்லை. அவர் காண்ட்ராக்ட் ஆள். காண்ட்ராக்டரிடம் சொல்லி நிறுத்திவைத்திருக்கிறார்கள், திரும்பக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ தெரியாது என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அவர் வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான் மாதா மாதம் ஒழுங்காக வருவது. கணவருக்குப் பெயின்ட் வேலை, இருந்தால் உண்டு. இது எனக்குத் தெரியும். வியாழக்கிழமை ஆய்வுக்கு வந்தவர்கள் மூன்று மொழித் தாளைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பையன்தான் செய்தான் என்று காட்டினார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முகத்தில் எப்படி இருந்தது என்று எனக்கே தெரிகிற மாதிரி இருந்தது. போர்டு பக்கம் போகாமல், கழிவறைக்குக்கூட ஸ்டோர் வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

அடுத்த புதன்கிழமை காலை சூப்பர்வைசரின் மேசைக்குப் போய்ச் சொன்னேன். சீல், ஜெராக்ஸ் கடை, அக்கா வேண்டாம் என்றது, எல்லாம். அவர் ஏதோ ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும்டா. மூணு பாஷைல தாளு எங்கேந்து வந்துச்சு, வானத்துலேந்தா?"

பிறகு ஏன் அக்காவை அனுப்பினீர்கள் என்று எப்படிக் கேட்டேனோ, கேட்டுவிட்டேன்.

லாரி லேட்டானதற்குக் காரணம், எடுத்த நடவடிக்கை என்று இரண்டு கட்டத்தை நிரப்பி வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும், அதில் ஓர் ஆளைக் காட்டியாக வேண்டும் என்றார். படிவத்தில் அக்காவின் கையெழுத்துதான் இருந்தது. "உன்ன எழுதினா உன் ட்ரெய்னிங்கு காலி. அது காண்ட்ராக்ட், ஒரு வாரம் வூட்ல இருந்துட்டு வரும். நாளைக்கு வரச் சொல்லிட்டேன். போ, போய் வேலையப் பாரு."

அக்கா திரும்ப வந்தது பேக்கிங் பிரிவுக்கு. நின்றுகொண்டே செய்யும் வேலை. டீ நேரத்தில் போய் நின்றேன். சாரிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

"எப்போ?"

"நேத்து."

"நேத்தா" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டி முடித்தார். "வுடு. அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரையுந்தான் அனுப்பியிருப்பானுங்க."

என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா, நடக்கக்கூடியதைச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு போயிற்று அக்கா, நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அதெல்லாம் எதற்கு என்று அடுத்த பெட்டியை இழுத்தார். நான் நகரவில்லை.

"எங்க வூட்டுக்காரரு டெய்லி கேட்டுக்கினே இருந்தாரு, நீ இன்னா தப்பு பண்ணேன்னு" என்றார். "நான் இன்னான்னு சொல்றது, சொல்லு. அதுக்கு எவ்ளோ குடுப்ப?"

டீ நேரம் முடிந்து பெல் அடித்தது. பெட்டியை நகர்த்தியபடியே, என் பக்கம் திரும்பாமல், கேட்டதற்குச் சொல்லிவிட வேண்டும் என்பதுபோலச் சொன்னார்: ஞாயிறு போக எட்டு நாள் கூலி, அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் ஆயிரம், எல்லாம் சேர்த்து நாலாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.