ஏலக்காட்டில் ரேடியோ மௌனம்

முதுகில் பெரிய ராடார் தட்டைச் சுமந்து பறக்கும் ராணுவ விமானத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். திரை முன்னால் என் இருக்கை. மலைக்குப் பின்னால் தாழப் பறந்து வரும் எதிரி விமானம் தரையில் இருக்கும் ராடாருக்குத் தெரியாது. உயரத்தில் இருந்த எங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்து நம் போர் விமானங்களுக்கு வழி சொல்ல வேண்டும். வெட்டிப் பேச்சு கூடாது. விமானி பத்து நிமிடம் வாய் திறக்காவிட்டாலும் அவருடைய புள்ளி திரையில் நகர்ந்துகொண்டிருக்கும். சத்தம் இல்லையென்றால் எல்லாம் சரி.

ஓய்வு பெற்று போடிக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். குரங்கணிக்கு மேலே எங்களுக்குச் சின்ன ஏலத்தோட்டம். நான் இல்லாத காலமெல்லாம் என் மனைவிதான் அதைப் பார்த்துக்கொண்டாள். ஏலக்காய், ஆளை மறைக்கும் உயரச் செடியின் அடியில் காய்க்கும். உட்கார்ந்து எடுக்கிறவளைப் பக்கத்துச் செடிக்காரிகூடப் பார்க்க முடியாது. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒருத்தி ‘ஊய்’ என்பாள். மற்றவர்கள் வரிசையாகப் பதில் குரல் கொடுப்பார்கள்.

எனக்கு அது சந்தைக்கடைச் சத்தமாகப் பட்டது. மேட்டுப் பாறையில் நின்று உத்தரவு போட்டேன்.

“சும்மா சும்மா கத்தக் கூடாது. ஏதாவதுன்னா மட்டும் கூப்பிடுங்க.”

காய் எடுக்க வந்த மூன்று பெண்களும் என் மனைவியைப் பார்த்தார்கள். “ஆபீசர் சொல்றாகள்ல, கேட்டுக்கங்க” என்று சிரித்தாள்.

நான்காம் நாள் மூடுபனி. காடு அமைதியாக இருந்தது, எனக்கும் நிம்மதியாக இருந்தது. பாறையில் உட்கார்ந்து பிளாஸ்க் டீயைக் குடித்து முடித்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு அந்த மூன்று பேரும் மேலே வந்தார்கள்.

“அக்காவ எங்கண்ணே?”

“உங்களோட இல்லையா?”

“நீங்கதான கத்தக் கூடாதுன்னீக. எங்களுக்கு எப்படித் தெரியும்?”

தேடிப் போனபோது ஓடைச் சரிவில் கிடந்தாள். வழுக்கி விழுந்து, தலை கல்லில் மோதி, நினைவு தப்பியிருந்தது. காலும் முறிந்திருந்தது. எவ்வளவு நேரமாகக் கிடந்தாள் என்று யாருக்கும் தெரியாது. நினைவில்லாதவள் எப்படிக் கூப்பிடுவாள்? உத்தரவு போட்டபோது இது என் மண்டையில் ஏறவே இல்லை. ஜீப்பில் போடிக்கு இறங்கும் வரை அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்டாள்:

“உங்க திரையில நான் தெரியலையா?”

பிழைத்துக்கொண்டாள். அடுத்த வருடம் லேசாக நொண்டிக்கொண்டு தோட்டத்துக்கும் வந்துவிட்டாள்.

இப்போது ‘ஊய்’ சொல்வது நான்தான். மூன்று பெண்களும் உடனே பதில் கொடுப்பார்கள். என் மனைவி மட்டும் வேண்டுமென்றே தாமதிப்பாள். கீழே மற்றவர்கள் அடக்கமாட்டாமல் சிரிப்பது கேட்கும். விளையாட்டு என்று தெரியும். தெரிந்தும் பாறை விளிம்புக்குப் போய் எட்டிப் பார்ப்பேன். எல்லையில் பறந்த நாட்களில்கூட இப்படிப் பயந்ததில்லை.

“குரல் குடு தாயே!” என்று கெஞ்சுவேன். இந்த விளையாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு முகமில்லை. அவள் குரல் வரும் வரை பாறையில் நின்றுகொண்டே இருப்பேன்.