கழுத்தில் தொங்கிய கட்டை

எங்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்து வழக்கம் ஒன்று நாங்கள் படிக்கும்வரை இருந்தது. தமிழ் பேசி மாட்டியவன் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடுவார்கள். அடுத்து எவன் தமிழ் பேசுகிறானோ அவனுக்கு அதை மாட்டிவிடலாம். கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. என் இங்கிலீஷ் லட்சணத்துக்கு அந்தக் கட்டை எனக்கே பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி.

போன மாதம் பழைய மாணவர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து இதைத்தான் அவிழ்த்துவிட்டேன். ஒருநாள் கடைசி மணிக்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்தில் இருந்த மீன்பிடிக்காரர் மகன் மிக்கேலிடம், "யுவர் ஃபாதர் போட் சிங்க்" என்று புளுகினேன். "ஐயோ, எங்கப்பா!" என்று அலறினான். என் கழுத்தில் கிடந்த கட்டையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டேன். இதைச் சொன்னதும் அரங்கமே சிரித்தது.

சாப்பாட்டுப் பந்தியில் மிக்கேல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னலே, கோவமா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லலே. நீ ஃபெயிலாகிப் பள்ளிக்கூடத்த விட்டுப் போன மறு வருசம் நெசமாவே அப்பா வள்ளம் கவுந்துட்டு. வகுப்புல பயலுவ வந்து சொன்னானுவ. கட்டைய மாட்டத்தான் புளுகுதானுவன்னு நெனச்சு நான் சிரிச்சேன். இங்கிலீஷ்லயே பதிலும் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் இரண்டு பேர் வந்து, "அண்ணாச்சி, அந்த போட் கதைய இன்னொருக்கா சொல்லுங்க" என்றார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்காக மிக்கேல் சிரித்துவைத்தான்.

நாலு பேரைச் சிரிக்கவைக்கிறவன் யாருக்கும் கெடுதல் செய்யமாட்டான் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அது அந்தப் பந்தியிலேயே போயிற்று.